மாப்பிள்ளை ஆலிமின் வாழ்க்கையை மாணவர்களுக்கு எப்படி எடுத்துச் சொல்வது?

மருதானை வாசகர்:

அஸ்ஸலாமு அலைக்கும்.

எங்கள் மஹல்லாவின் வாசகர் வட்டம் றஜப் மாதத்தில் மாணவர்களுக்காக ஒரு மாலை நிகழ்ச்சியை ஒழுங்கு செய்கிறது. இமாமுல் அரூஸ் செய்யிது முஹம்மது ஆலிம் அவர்களைப் பற்றி, அதாவது நம் முன்னோர் மாப்பிள்ளை ஆலிம் என்றும் மாப்பிள்ளை லெப்பை என்றும் அழைத்த பெரியாரைப் பற்றி, அரை மணி நேரம் பேசும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். கேட்கப்போகிறவர்கள் சாதாரண தரமும் உயர்தரமும் படிக்கும் பிள்ளைகள்.

அவரைப் பற்றி என் கைக்குக் கிடைத்தவற்றுள் ஒரு பகுதி கறாமத்துகளை, அதாவது அற்புதச் செயல்களை, அடுக்கிச் சொல்லும் புகழுரைகள். அவற்றில் காலமும் இல்லை, ஊரும் இல்லை. மற்றப் பகுதி, பிறந்தார், ஓதினார், நூல்கள் எழுதினார், பள்ளிவாசல்கள் கட்டினார், வபாத்தானார் என்று சில வரிகளில் முடிந்துவிடும் குறிப்புகள். அவர் எத்தகைய நிலைமையைக் கண்டார், அதில் எதை மாற்றுவதற்காகத் தம் வாழ்நாளைச் செலவிட்டார் என்பதை இரண்டிலும் காண முடியவில்லை.

இன்னொரு சிரமமும் உண்டு. நிகழ்ச்சியைப் பற்றிக் கேள்விப்பட்ட மாணவர் ஒருவர், "மாலைப்பாட்டும் மௌலிதும் எழுதிய ஒருவர் சமூகத்தை எப்படித் திருத்தியிருக்க முடியும்? இந்த நாட்டில் அதைச் செய்தவர் பத்திரிகையும் பாடசாலைகளும் தொடங்கிய சித்திலெப்பை அல்லவா?" என்று என்னிடம் கேட்டார். அந்தப் பிள்ளை மரியாதையோடுதான் கேட்டது. கேள்வியும் நியாயமானதாகவே எனக்குப் பட்டது. இதற்கு நேர்மையான விடை என்ன என்பதையும், உரையை எங்கிருந்து தொடங்கலாம் என்பதையும் அறிந்தவர்கள் சொல்லித் தர வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், தெமட்டகொட:

வஅலைக்குமுஸ்ஸலாம்.

அவருடைய பிறப்பிலிருந்து தொடங்காமல், அவர் வந்து சேர்ந்த இலங்கையிலிருந்து தொடங்குங்கள் என்பது என் ஆலோசனை. போர்த்துக்கேயர் 1626 இல் தங்கள் ஆட்சிக்கு உட்பட்ட பகுதிகளிலிருந்து சோனகரை, அதாவது முஸ்லிம்களை, வெளியேற்ற உத்தரவிட்டனர். வெளியேறியவர்களில் பலருக்குக் கண்டி மன்னன் செனரத் தன் இராச்சியத்தில் இடம் கொடுத்தான். ஒல்லாந்தர் காலத்திலும் குடியிருப்புக்கும் வணிகத்துக்கும் கட்டுப்பாடுகள் தொடர்ந்தன. ஆங்கிலேயர் கரையோரத்தைக் கைப்பற்றிய 1796 ஆம் ஆண்டளவில் நம் மக்கள் கரையோரப் பட்டினங்களிலும் மலைநாட்டுக் கிராமங்களிலுமாகச் சிதறி வாழ்ந்தனர். ஊருக்கு ஒரு லெப்பை இருப்பார். அவர் தொழுகை நடத்துவார், நிக்காஹ் செய்துவைப்பார், ஜனாஸாவுக்கு நிற்பார், பிள்ளைகளுக்குக் குர்ஆனைப் பார்த்து ஓதக் கற்பிப்பார். ஓதியதன் பொருளையும், கொடுக்கல் வாங்கலில் ஹலால் எது ஹறாம் எது என்பதையும் விளக்கிச் சொல்வதற்குப் பெரும்பாலான ஊர்களில் ஆள் இருக்கவில்லை. ஆலிமாக வர விரும்பிய ஒருவர் கடல் கடந்து தமிழகத்தின் காயல்பட்டினத்துக்கோ கீழக்கரைக்கோ போய்ப் பல ஆண்டுகள் தங்கிப் படிக்க வேண்டும். அதற்கு வசதி உள்ள குடும்பங்கள் எத்தனை இருந்திருக்கும் என்பதைப் பிள்ளைகளிடமே கேட்டுப் பாருங்கள்.

செய்யிது முஹம்மது ஆலிம் 1816 இல் காயல்பட்டினத்தில் பிறந்தார். குடும்பம் பின்னர் கீழக்கரைக்குக் குடிபெயர்ந்தது. அங்கே தைக்கா ஸாஹிபு என்று அறியப்பட்ட ஷெய்கு அப்துல் காதிர் அவர்களிடம் ஓதி, அவருடைய மகளையே மணந்தார். மாப்பிள்ளை என்ற அடைமொழி அந்த உறவிலிருந்து வந்தது. ஆசிரியரின் வழியில் காதிரிய்யா தரீக்கா என்ற சூபி மரபில் நின்று, அதில் அரூஸிய்யா என்ற கிளைக்கு வழிகாட்டியானார். கீழக்கரையில் அவர் வளர்த்த அரூஸிய்யா மத்ரஸா தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த மாணவர்களை ஆலிம்களாக்கி ஊருக்கு அனுப்பியது.

அவர் மத்ரஸாவில் அமர்ந்து மாணவர் வரட்டும் என்று காத்திருந்தவர் அல்லர். கீழக்கரையின் மரக்கலங்கள் மன்னார் வளைகுடாவைக் கடந்து இலங்கைத் துறைமுகங்களுக்கு வணிகத்துக்காக வந்து போய்க்கொண்டிருந்த காலம் அது. அதே கடல்வழியில் அவரும் மீண்டும் மீண்டும் இங்கு வந்தார். கரையோர ஊர்களிலும் உள்நாட்டிலும் பயான் என்னும் மார்க்க உரை நிகழ்த்தினார். பள்ளிவாசல்களையும் தக்கியாக்கள் எனப்படும் ஆன்மிகக் கூடங்களையும் எழுப்பச் செய்தார். ஊராருக்கிடையே இருந்த மார்க்கப் பிரச்சினைகளுக்குத் தீர்ப்புச் சொன்னார். ஓர் ஊரில் இரவு பயான் செய்துவிட்டு விடிந்ததும் அடுத்த ஊருக்குப் போகும் ஒருவருடைய சொல் எவ்வளவு காலம் அங்கே தங்கும் என்ற கவலை அவருக்கு இருந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அவர் விட்டுச்சென்றவற்றைப் பார்த்தால், தாம் திரும்பி வராவிட்டாலும் அந்த ஊரில் கல்வி நடக்க வேண்டும் என்ற எண்ணம் எல்லாவற்றிலும் தெரிகிறது. 1884 இல் வெலிகமவில் தொடங்கப்பட்ட மத்ரஸத்துல் பாரி இந்நாட்டின் மிகப் பழைய அறபுக் கல்லூரியாகக் கருதப்படுகிறது. அதன் தோற்றத்தை அவருடைய முயற்சியோடு இணைத்தே நம் உலமாக்கள் சொல்லி வருகின்றனர். எட்டு ஆண்டுகளில், 1892 இல், காலிக் கோட்டைக்குள் பஹ்ஜத்துல் இப்றாஹீமிய்யா எழுந்தது. ஆலிமாவதற்கு இனிக் கடல் கடக்க வேண்டியதில்லை என்ற நிலைமை அப்போதுதான் தொடங்கியது. மாணவர் கேட்ட கேள்விக்கு என் முதல் விடை இதுவே.

கறாமத்துகளைப் பற்றி: நம்புகிறவர்களைப் புண்படுத்த வேண்டாம், அரை மணி நேரத்தை அவற்றுக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

கொம்பனித்தெருவிலிருந்து ஒரு வாசகி:

ஆசிரியர் நானா சொன்னவை அனைத்தும் ஆண்களின் கல்வியைப் பற்றியவை. வெலிகமவிலும் காலியிலும் பெண் பிள்ளைகள் படிக்கவில்லை. ஆனால் மாப்பிள்ளை ஆலிமின் வேலையில் பெரும் பகுதி வீட்டுக்குள் இருந்த பெண்களைச் சென்றடைந்தது. உரையில் இதை விட்டுவிட்டால் அவருடைய வாழ்க்கையின் மையத்தையே விட்டதாகும் என்று நான் கருதுகிறேன்.

அந்தக் காலத்துப் பெண் பிள்ளைக்கு வீட்டிலேயே குர்ஆன் ஓதக் கற்றுக் கொடுப்பார்கள். ஆகவே அறபு எழுத்து அவளுக்குப் பழக்கம், ஆனால் அறபு மொழி விளங்காது. பேசும் மொழி தமிழ், ஆனால் தமிழ் எழுத்தைக் கற்பிக்கும் பள்ளிக்கூடத்துக்கு அவளை அனுப்ப மாட்டார்கள். தெரிந்த எழுத்தில் தெரிந்த மொழியை எழுதிக் கொடுத்தால் அவள் அன்றைக்கே வாசிப்பாள். அறபுத் தமிழ் என்ற எழுத்துமுறை அவருக்கு முன்பே இரண்டு கரைகளிலும் வழங்கியதுதான். மார்க்கச் சட்டம், நம்பிக்கை, ஆன்மிகம் ஆகியவற்றை முழுமையாகக் கற்பிக்கும் கருவியாக அதை வளர்த்தவர்களுள் அவரே முதன்மையானவர்.

அவருடைய 'ஃபத்ஹுத் தய்யான்' ஈமானின் அடிப்படைகளையும் ஷாபிஈ மத்ஹப் என்ற சட்டப் பிரிவின் சட்டங்களையும் அறபுத் தமிழ் உரைநடையில் விரித்துரைக்கும் பெரிய நூல். வுளூ எப்படி முறியும், மாதவிடாய்க் காலத்தில் தொழுகையின் நிலை என்ன என்பவற்றையெல்லாம் ஒரு பெண் லெப்பையிடம் போய்க் கேட்கக் கூசுவாள். கணவனிடம் கேட்டால் அவனுக்கும் தெரியாது. புத்தகம் வீட்டில் இருந்தால் அவளே பார்த்துக்கொள்வாள். என் உம்மும்மாவின் அலுமாரியில் குர்ஆனுக்குப் பக்கத்தில் அந்தக் கிதாபு இருந்தது. அயலிலுள்ள பெண்கள் சந்தேகம் கேட்டு வருவார்கள்; அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரிய பக்கத்தை எடுத்து உரக்க வாசித்துக் காட்டுவார். அவருக்குத் தமிழ் எழுத்தில் ஒரு வரிகூட வாசிக்கத் தெரியாது. ஆனால் எங்கள் தெருவில் மார்க்கச் சட்டம் அறிந்த பெண் என்று அவரைத்தான் சொல்வார்கள்.

மாலைப்பாட்டையும் அந்த மாணவர் இலேசாக எண்ண வேண்டாம் என்று அன்போடு சொல்லுங்கள். 'ஹத்யா மாலை' ஓசையோடு ஓதுவதற்கான பாடல். பாடமாக்கினால் நெல் குற்றும்போதும் பிள்ளையைத் தாலாட்டும்போதும் வாயில் வரும். அதை மக்கள் பொருள் தெரியாமல் பாடிக்கொண்டிருக்கட்டும் என்று அவர் விட்டுவிடவில்லை. அந்தப் பாடலின் கருத்துகளை விளக்கி 'மகானீ' என்ற விரிவான உரையையும் அவரே எழுதினார். முதலில் பாட்டு மனத்தில் பதிகிறது. பின்னர் உரை அதன் பொருளைத் திறக்கிறது. கற்பித்தலைப் பற்றி இவ்வளவு கவனமாகச் சிந்தித்த ஒருவரை வெறும் புகழ்ப்பா எழுதியவராக ஒதுக்குவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

ஸாஹிராவின் பழைய மாணவர்:

மேலே எழுதிய இருவர்மீதும் எனக்கு மதிப்பு உண்டு. இருந்தாலும் மாணவர் கேட்ட கேள்வியின் மறுபக்கத்தையும் யாராவது உரிய முறையில் சொல்ல வேண்டும்.

19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த நகரத்தில் அரச உத்தியோகம், சட்டம், மருத்துவம் ஆகிய வாசல்கள் எல்லாம் ஆங்கிலப் பள்ளிக்கூடம் வழியாகவே திறந்தன. அந்தப் பள்ளிக்கூடங்களில் பெரும்பாலானவை மிஷனரிமாரின் கையில் இருந்தன. மதம் மாற்றிவிடுவார்கள் என்ற அச்சத்தில் நம்மவர்கள் பிள்ளைகளை அனுப்பவில்லை. அதன் விளைவாக மற்றச் சமூகங்கள் முன்னே போக, நாம் கடைத்தெருவில் நின்றுவிட்டோம். இந்த முடிச்சை அவிழ்க்க முன்வந்தவர் 1838 இல் கண்டியில் பிறந்த முஹம்மது காசிம் சித்திலெப்பை. வழக்கறிஞராகத் தொழில் செய்து நன்றாகச் சம்பாதித்திருக்கக் கூடியவர், 1882 இன் இறுதியில் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, கிழமைதோறும் கல்வியைப் பற்றியே எழுதினார். கண்டியில் பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலை அமைத்தார். 1884 இல் கொழும்பில் அவர் எடுத்த முயற்சி நிலைக்கவில்லை. மனம் தளராமல் ஊர் ஊராகச் சென்று பேசினார். எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு 1883 இல் இங்கு வந்து சேர்ந்த ஒறாபி பாஷா துணை நின்றார்; கட்டட ஒப்பந்தக்காரர் வாப்பிச்சி மரிக்கார் பொருளும் உழைப்பும் தந்தார். 1892 இல் மருதானைப் பள்ளிவாசல் வளவில் மத்ரஸத்துஸ் ஸாஹிரா தொடங்கியது. நான் படித்த கல்லூரி அது. அந்த முயற்சி இல்லாதிருந்தால் என் வாப்பாவும் நானும் என்னவாகியிருப்போம் என்பதை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு.

அறபுத் தமிழைப் பற்றிக் கொம்பனித்தெரு வாசகி எழுதியது மனத்தைத் தொட்டது. ஆனாலும் அந்த எழுத்து நம் பெண்களுக்கு ஒரு வாசலைத் திறந்தபோதே இன்னொரு வாசலை மூடியே வைத்திருந்தது. தமிழ் எழுத்துத் தெரியாத பெண் காணி உறுதியை வாசிக்க முடியாது. கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் அடையாளம்தான் வைப்பாள். நம் இலக்கியத்தின் பெரும் செல்வம் மற்றத் தமிழ் வாசகர் எவருடைய கண்ணிலும் படாமல் போனதற்கும் அதுவே காரணம். சித்திலெப்பை 1885 இல் 'அசன்பே சரித்திரம்' என்ற கதையைத் தமிழில் அச்சிட்டார். அதனால்தான் இந்நாட்டின் தமிழ் நாவல் வரலாறு அவர் பெயரிலிருந்து தொடங்குகிறது. மாணவர்களுக்கு முன்மாதிரியாக ஒருவரைக் காட்டுவதானால் நான் அவரைத்தான் காட்டுவேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், தெமட்டகொட:

தம்பி எழுதியவற்றில் பெரும்பகுதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆங்கிலக் கல்விக்கும் உத்தியோகத்துக்குமான தேவையை மாப்பிள்ளை ஆலிமின் திட்டம் தொடவில்லை. பெருவிரல் அடையாளம் பற்றிச் சொன்னதும் உண்மை. காணி உறுதிகளில் என் கண்ணால் கண்டிருக்கிறேன். மருதானை வாசகர் இதை மறைக்காமல் உரையில் சொல்ல வேண்டும்.

ஆனால் இருவரையும் எதிரெதிராக நிறுத்துவதற்கு முன், காலத்தைக் கவனியுங்கள். சித்திலெப்பை பிறந்தபோது ஆலிமுக்கு 22 வயது. சித்திலெப்பை பத்திரிகை தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஆலிம் தெற்கிலும் மேற்கிலும் ஊர் ஊராகப் பயான் செய்து, அறிவைத் தேடுவது ஆணுக்கும் பெண்ணுக்கும் கடமை என்ற எண்ணத்தைப் பரப்பி வந்தார். "பிள்ளையைப் படிக்க வையுங்கள்" என்று ஒரு வழக்கறிஞர் வந்து கேட்டபோது அது முற்றிலும் புதிய குரலாக ஒலித்திருக்காது என்பது என் கணிப்பு. வீட்டில் கிதாபு வாசிக்கும் உம்மா இருந்தால் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பும் பேச்சு எளிதாகும். ஆசிரியராக இருந்த காலத்தில் இதை நான் பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. ஆன்மிகத்தை ஒருவரிடமும் நவீனத்தை மற்றவரிடமும் பிரித்துக் கொடுப்பது சரிவராது. சித்திலெப்பை 1897 இல் 'அஸ்றாருல் ஆலம்' என்ற ஞான நூலை எழுதினார்; அதன் கருத்துகளுக்காக அன்றைய ஆலிம்கள் பலருடைய கடும் எதிர்ப்பையும் சந்தித்தார். அவர் வெறும் பாடசாலைக்காரர் அல்லர். ஆன்மிகத்தில் ஆழ்ந்த நாட்டம் கொண்டவர். ஆலிமும் தஸ்பீஹோடு மட்டும் இருந்தவர் அல்லர். சட்டநூல் எழுதினார், கல்விக்கூடங்கள் எழுப்பினார். இருவரும் 1898 ஆம் ஆண்டிலேயே வபாத்தானார்கள், சித்திலெப்பை பெப்ரவரியிலும் ஆலிம் நவம்பரிலும். அந்த ஆண்டில் இந்தச் சமூகம் எத்தகைய இரண்டு மனிதர்களை இழந்தது என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. உங்கள் நிகழ்ச்சி ஆலிமைப் பற்றியது. எனவே சித்திலெப்பையைப் பற்றித் தனியாக இன்னொரு மாலை வையுங்கள். ஸாஹிராவின் பழைய மாணவர் அதில் பேசட்டும். நான் முன்வரிசையில் வந்து அமர்கிறேன்.

மருதானை வாசகர்:

அனைவருக்கும் ஜஸாகல்லாஹு கைரன். அந்த இரண்டாவது மாலையைப் பற்றி வட்டத்தில் உடனே பேசுகிறேன்.

உரையின் போக்கு இப்போது எனக்குத் தெளிவாகிறது. முதலில் லெப்பை மட்டும் இருந்த ஊர், அதன் பின் கடல் கடந்து வந்த ஆலிம், பிறகு வீட்டுக்குள் போன கிதாபு, கடைசியில் வெலிகம. பெருவிரல் அடையாளத்தையும் சொல்வேன். இரண்டு ஐயங்கள் மட்டும் மீதம் உள்ளன. அவர் கட்டிய பள்ளிவாசல்களின் எண்ணிக்கையாக நூற்றுக்கணக்கில் ஒரு தொகையைச் சிலர் சொல்கிறார்கள், அதைச் சொல்லலாமா? அவருடைய நூலை மாணவர்களின் கண்ணுக்குக் காட்ட ஒரு வழி உண்டா?

பழைய கிதாபுகள் சேகரிப்பவர், புதுச்சோனகத் தெரு:

எண்ணிக்கையைச் சொல்ல வேண்டாம். அவர் புதிதாக எழுப்பியவை, அவருடைய தூண்டுதலால் ஊரார் எழுப்பியவை, அவர் திருத்திக் கட்டச் செய்தவை என்று எல்லாம் அந்தத் தொகைக்குள் கலந்திருக்கும். ஒரு மாணவர் பட்டியல் கேட்டால் உங்களால் கொடுக்க முடியாது. அந்த இடத்தில் உரையின் மற்ற உண்மைகளும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

நூலைப் பொறுத்தவரை, முதலில் மாணவர்களின் வீடுகளிலேயே தேடச் சொல்லுங்கள். நான் இதை வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மூத்தம்மா வபாத்தான பிறகு அலுமாரியைத் துப்புரவு செய்கிறவர்கள், உள்ளே இருப்பது அறபு எழுத்து என்பதைக் கண்டதும் கிழிந்த குர்ஆன் தாள்கள் என்று எண்ணிப் பயபக்தியோடு பள்ளிவாசலில் ஒப்படைக்கிறார்கள். அங்கே முறைப்படி புதைக்கப்படுகின்றன, அல்லது எரிக்கப்படுகின்றன. எஞ்சியிருந்த அறபுத் தமிழ் நூல்களில் கணிசமானவை இப்படி மரியாதையாலேயே அழிந்தன; மீதியைக் கரையானும் கொழும்பின் ஈரக் காற்றும் தின்றன.

அடையாளம் காண்பது கடினமன்று. பக்கம் முழுவதும் உயிர்க்குறிகள் இடப்பட்டிருக்கும், ஏனென்றால் அவை இல்லாமல் தமிழை வாசிக்க முடியாது. அறபியில் இல்லாத இடங்களில் புள்ளிகள் இருக்கும்: டகரத்துக்காக தால் எழுத்தின் கீழே ஒரு புள்ளி, ணகரத்துக்காக நூன் எழுத்தின் கீழே ஒரு புள்ளி. மெதுவாக எழுத்துக் கூட்டி உரக்க வாசித்தால், அறபு விளங்காத பிள்ளைக்குக்கூடத் தமிழ்ச் சொற்கள் காதில் விழத் தொடங்கும். உங்கள் நிகழ்ச்சியில் ஒரு பக்கத்தைத் திரையில் காட்டி, குர்ஆன் ஓதத் தெரிந்த ஒரு மாணவியை எழுந்து வாசிக்கச் சொல்லுங்கள். கொம்பனித்தெரு வாசகியின் உம்மும்மா என்ன செய்தார் என்பது அவர்களுக்கு அப்போதே விளங்கிவிடும்.

வீட்டில் கிடைக்காதவர்களுக்கு, ஸைபுத்தீன் அனீஃப் டோரே அவர்கள் 'ஃபத்ஹுத் தய்யா'னை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, அது 1963 இல் கொழும்பில் வெளியானது. மூலத்தின் ஒரு பழைய அச்சுப் பிரதி என்னிடம் உண்டு. கட்டமைப்பு தளர்ந்துவிட்டதால் கைக்குக் கை மாற்ற முடியாது, ஆனால் மேசையில் வைத்துப் பக்கங்களை நானே புரட்டிக் காட்டலாம். அஸருக்குப் பிறகு நிகழ்ச்சி என்றால் எடுத்துக்கொண்டு வருகிறேன். மஃரிபுக்குப் பிறகு என்றால் வெளிச்சம் நன்றாக உள்ள மண்டபமாகப் பாருங்கள், அச்சு மிகவும் மங்கலானது.